ஐந்தாவது கால்

“அலமாரியை எப்போ தொறந்த? நிஜத்தைச் சொல்லு சுராயா.”

மூத்த ஆய்வாளர் ஞானதாஸின் குரல் உயரவில்லை. அதனால்தான் சுராயாவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

“நான் தொறக்கல சார். சாவி உங்ககிட்டதானே இருக்கு?”

“மதியம் சாப்பிடப் போறப்ப மேசை மேலதான் வெச்சிட்டுப் போறேன். அது உனக்குத் தெரியாதா?”

மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருந்த அந்தச் சிறிய கடல் ஆய்வு நிலையத்தில் சுராயா தற்காலிக உதவியாளர். மெல்லிய பட்டு வலையில் அள்ளிவரும் நுண்ணுயிர்களை இனம் பிரித்துப் படம் வரைவது அவள் வேலை. அதை நிரந்தரமாக்கும் உத்தரவு, போன வருடம் மாற்றலாகி வந்திருந்த நிலையத் தலைவி வரலட்சுமியின் மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது.

நேற்று அவள் வரைந்து கொடுத்த படம்தான் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது.

வரலட்சுமி இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பார்த்தாள். இரண்டிலும் இறால் வகையைச் சேர்ந்த, கடுகை விடச் சிறிய பிராணி. ஒன்று, சதுரங்கப்பட்டினம் கடலில் எடுத்த புட்டியில் சுராயா பார்த்தது. மற்றது, ஞானதாஸ் 1971-ல் தென்கோடிப் பனிக்கடலில் பிடித்தது. புது இனம் என்று அவரே பெயர் வைத்தார். அவருக்கு டாக்டர் பட்டம் வாங்கிக் கொடுத்ததும் அதுதான்.

“இதையெல்லாம் ஐந்தாவது காலை வெச்சுத்தான் அடையாளம் பார்க்கணும்” என்றாள் வரலட்சுமி. “ரெண்டுலயும் அதே வளைவு, அதே மூணு முள். ஒரே இனம்தான்.”

“அதைத்தான் நானும் சொல்றேன் மேடம். பனிக்கட்டி மிதக்கிற தண்ணியில வாழறது, நம்ம ஊர் வெந்நீர்ல எப்படி வரும்? அலமாரியில நான் பூட்டி வெச்சிருக்கிற புட்டியிலேர்ந்து ஒண்ணை எடுத்து இதுல போட்டிருக்கா. பேர் வாங்கற ஆசை!”

வரலட்சுமி சுராயாவை உற்றுப் பார்த்தாள். “சொட்டுக் குழாயைக் கழுவாம ரெண்டு புட்டியிலயும் விட்டியா? தவறிப்போயி நடந்திருந்தாலும் சொல்லிடும்மா.”

“இல்ல மேடம். அதுவும் ஒண்ணு மட்டும் இல்ல. அந்தப் புட்டியில பதினேழு இருந்துது.”

ஞானதாஸ் சிரித்தார். “பாத்தீங்களா? ஒண்ணு இல்லையாம். பதினேழு திருடியிருக்கா!”

சுராயாவின் கண்கள் நிறைந்தன. ஞானதாஸ் ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் தள்ளினார்.

“மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துட்டு வேலையை விட்டு நின்னுக்கோ. போலீஸ் வரைக்கும் போக வேணாம்.”

சுராயா தாளைத் தொடவில்லை. வரலட்சுமியும் உத்தரவைத் தொடவில்லை.

“வலை போட்டவரையும் கேட்டுடலாமே” என்றாள் வரலட்சுமி.

“அவன் எதுக்கு மேடம்? கையெழுத்துப் போடத் தெரியாதவன்.”

“பேசத் தெரியும் இல்ல?”

கட்டுமரக்காரன் கருப்பன் வந்து வாசலிலேயே நின்றான். கால் முழுக்க மணல்.

“கருப்பா, நேத்து குடுத்த புட்டியை வழியில யாராவது வாங்கினாங்களா?”

“யாரும்மா வாங்குவாங்க? அதுல இன்னா வஞ்சிரமா கீது?” என்று சிரித்தான் கருப்பன். “கடல்லயே மூடி போட்டு, மெழுகு ஊத்தி எட்த்தாந்தேன். இந்தப் பொண்ணுதான் ஒடச்சித் தொறந்துச்சு. அம்மாவும் கூடவே இருந்தீங்களே.”

வரலட்சுமிக்கு நினைவு வந்தது. ஆமாம், இருந்தாள்.

“அப்ப இவனும் கூட்டு” என்றார் ஞானதாஸ் அவசரமாக. “சொன்ன இடத்துக்கே போயிருக்க மாட்டான். வேற எங்கேயோ கைய வெச்சிருக்கான். போடா வெளியே!”

கருப்பனின் முகம் சுருங்கிவிட்டது.

“இன்னா சார், என் மேலயே சந்தேகமா? சதுரங்கப்பட்டினம் கோட்டைக்கு நேரா, எப்பவும் போடற எடம்தான். அந்த வருசம் நீங்க பனிக்கடலுக்குன்னு கப்பல் ஏறப் போயி, தொறமுகத்துலயே வாந்தி எட்த்துத் திரும்பி வந்து, ரெண்டு மாசம் எங்க வூட்டுல தங்கிகினு, தெனம் என்னை அனுப்பிப் புட்டி புட்டியா அள்ளிகினு வரச் சொன்னீங்களே, அதே எடம்!”