மருமகளின் மொழி

"இங்க வந்து என்னம்மா பண்ணப் போறே? உன் மருமகளுக்கு ஸ்பானிஷைத் தவிர ஒண்ணும் தெரியாது. ஊமை மாதிரிதான் உட்கார்ந்திருக்கணும்" என்று மகன் போனில் தட்டிக் கழித்தான்.

இங்கிலீஷ் டீச்சரான அம்மாவுக்கு ரோஷம் வந்தது. இங்கிலீஷில் 'கோ' ஒன்றே போதும், எல்லோரும் போய்விடுவார்கள். ஸ்பானிஷில் நான் போக ஒரு சொல், நீ போக வேறொரு சொல். விடாப்பிடியாக அத்தனையையும் கரைத்துக் குடித்தாள்.

சொல்லாமல் கொள்ளாமல் போய் மகன் வீட்டு மணியை அடித்தாள். கதவைத் திறந்த மருமகளிடம் ஸ்பானிஷில் நலம் விசாரித்தாள்.

மருமகளின் கண் கலங்கியது. "உள்ள வாங்க அத்தை. உங்களுக்காகத்தான் நான் தமிழ் கத்துக்கிட்டேன். ஆனா, என்கூடப் பேசவே உங்களுக்குப் பிடிக்கலைன்னு அவர் சொன்னாரே?"

"யாரு வாசல்ல?" உள்ளேயிருந்து மகன் கேட்டான், தமிழில்.

டீச்சர் ஊமையாய் நின்றாள்.