ஒரு சிவப்பு ஒயர்

மேசையில் இரண்டு கும்பலாகப் பன்னிரண்டு விளக்குகள். பச்சை ஒயர் இணைத்தால் ஒரு விளக்கு மற்றதோடு ஒத்துப்போகும்; சிவப்பு இணைத்தால் எதிர்த்து நிற்கும். ஒன்றைத் தூண்டினால் பன்னிரண்டும் சேர்ந்தே சிமிட்டும் என்பதுதான் முனைவர் பட்டத்துக்காக அவள் செய்த நான்கு வருட ஆராய்ச்சி. தேர்வாளர்கள் பார்த்திருக்க, அவள் பொத்தானை அழுத்துகிறாள். இடப்பக்கத்து ஆறும் எரிகின்றன. வலப்பக்கத்து ஆறும் இருள்கின்றன. மறுநொடி தலைகீழ். அவள் குனிந்து பார்க்கிறாள். இரண்டு கும்பலுக்கும் நடுவே ஓடும் ஒற்றை ஒயர் சிவப்பாக இருக்கிறது. “யாருங்க இதை மாத்தினது?” காலையில் மேசையைத் தூக்கிவந்த கணவன் அதன் மறுமுனையில் நிற்கிறான். “தூக்கும்போது பச்சை அறுந்துபோச்சும்மா. ஒரே ஒயர்தானேன்னு...” “ஒரே ஒயர்தானா?” தேர்வாளர் ஒருவர் பேனாவை மூடும் சத்தம் அறை முழுக்கக் கேட்கிறது. விளக்குகள் இன்னும் மாறி மாறி எரிகின்றன. அவள் முகத்தில் வெளிச்சம் விழும்போது அவன் முகம் இருட்டில் இருக்கிறது. அவன் முகம் தெரியும்போது அவளைக் காணவில்லை.