ஏழு பொதுக் கார்கள்

வெல்டர் செய்த குற்றங்கள் நான்கு. பேராசிரியர் அவற்றைத் தேதி வரிசை பிசகாமல் வாசித்தார்.

முதலாவது, மார்ச் மாதம். காரைக் கழுவாமல் கொடுத்ததில் பல் டாக்டரின் வெள்ளைச் சட்டையில் இரும்புத் தூள் ஒட்டியது.

இரண்டாவது, ஏப்ரல். "கிளட்ச் மேல காலை வெச்சுக்கிட்டே ஓட்டாதீங்கம்மா" என்று டாக்டரின் மனைவிக்குப் பாடம் எடுத்தது.

மூன்றாவது, மே. அதே காரில் சுற்றுலா போய்த் திரும்பிய மருந்துக் கடைக்காரரிடம், விருந்தாளிகள் முன்னால், "ஸ்டெப்னி எங்கேண்ணே?" என்று கேட்டது.

நான்காவது, இந்தத் திங்கட்கிழமை. வியாழனன்று காரைத் தர முடியாது என்று வாய்விட்டே சொன்னது.

"இது கார் விஷயம் இல்லை. மனப்பான்மை விஷயம்," என்று முடித்தார் பேராசிரியர்.

தெருவில் கார் வைத்திருந்த ஏழு வீட்டுக்காரர்களும் சேர்ந்து ஆரம்பித்த சங்கம் அது. ஏழு காரும் எல்லாருக்கும் பொது. யோசனை பேராசிரியருடையது. துண்டுப் பிரசுரமும் அவருடையதுதான். 'என்னுடையது என்ற சொல்லே சமூகத்தின் நோய்' என்று தடித்த எழுத்தில் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தார். இலவசம் என்பதால் எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள்.

கூட்டம் நடந்தது அவருடைய கார் ஷெட்டில். நடுவில் அவர் கார், தலை முதல் கால் வரை உறை போர்த்தி நின்றது. அதன் மேல் டீ டம்ளரை வைக்கப் போன மருந்துக் கடைக்காரரைப் பாய்ந்து தடுத்தார்.

"கோடு விழுந்துடும்ப்பா."

வெல்டர் எழுந்தார். பட்டறையிலிருந்து நேரே வந்திருந்தார்.

"சார், வியாழக்கிழமை என் சம்சாரத்தை ஆஸ்பத்திரியிலேர்ந்து அனுப்பறாங்க. தொடையில பிளேட் வெச்சிருக்கு. காலை மடக்கக் கூடாது. பின் சீட்டுல நீட்டிப் படுக்க வெச்சுத்தான் கூட்டிட்டு வரணும். அந்த ஒரு நாள் மட்டும் என் காரை நானே எடுத்துக்கறேன்."

"என் கார்ங்கறார். கேட்டுக்கங்க," என்றார் பேராசிரியர் சபையைப் பார்த்து.

"தங்கச்சி நல்லபடியா வீட்டுக்கு வரணும்னுதான் எல்லாருக்கும் ஆசை," என்றார் பல் டாக்டர். "ஆனா வியாழக்கிழமைக்கு சார் முன்னாடியே சொல்லி வெச்சுட்டாரே. பக்கத்து ஊர் மாநாட்டுல பேசப் போறார்."

"எதைப் பத்திப் பேசறார்?"

"பகிர்ந்து வாழறதைப் பத்தி."

வெல்டர் உறை போட்ட காரைப் பார்த்தார். "இதுல போகலாமே சார்."

"புது வண்டி தம்பி. இன்னும் ரோடு பழகலை."

"வாங்கி ஒன்றரை வருஷம் ஆச்சே."

"அதைத்தான் நானும் சொல்றேன். இன்னும் பழகலை."

"சரி, டாக்டர் வண்டியைக் கொடுங்க. அதுல கூட்டிட்டு வந்துடறேன்."

டாக்டர் தொண்டையைச் செருமினார். "சீட் எல்லாம் கிரீம் கலர். மருந்து, கட்டு, அது இதுன்னு கறை பட்டா போகாது. தப்பா எடுத்துக்காதீங்க."

"அண்ணே, நீங்க?"

"எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல தம்பி," என்றார் மருந்துக் கடைக்காரர். "வீட்டுல ஒத்துக்க மாட்டா."

மற்ற மூன்று பேரும் செல்போனில் எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தார்கள். அடுத்தவன் காரைப் பொதுவாக்குவதில் இந்தத் தெருவுக்கு இருந்த ஒற்றுமை வேறெதிலும் இருந்ததில்லை.

"ஆறாவது விதியை எடுத்துடலாம்," என்றார் பேராசிரியர். "ஒத்துழைக்காத ஆளோட சாவி ஒரு மாசம் சங்கத்துகிட்ட இருக்கணும். நானே எழுதின விதி. ஒரு எழுத்து மாறாம நிறைவேத்தணும். சம்மதமா?"

ஆறு கைகள் உயர்ந்தன.

வெல்டர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். "ஆட்டோவுல படுக்க வெக்க முடியாது சார்," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

"சாட்சிக்கு ரெண்டு பேர் எழுந்திருங்க. முறைன்னா முறையா இருக்கணும்."

பல் டாக்டரும் மருந்துக் கடைக்காரரும் எழுந்து நின்றார்கள்.

"பேரை வாசிங்கம்மா."

சங்கத்தின் செயலாளர், தெருக்கோடி நூலகத்தில் வேலை பார்க்கும் பெண்மணி. அவரிடம் கார் கிடையாது. கையெழுத்து அழகாக இருக்கிறது என்று, யார் காரை யார் எடுத்தார்கள் என்று எழுதும் வேலையை அவர் தலையில் கட்டியிருந்தார்கள்.

"முதல்ல விதியை வாசிச்சுடறேன் சார்," என்றார் அவர். "'ஆறு மாதத்தில் தம் காரை ஒரு முறையேனும் பிறருக்குக் கொடுத்தவர்களின் பெயர்கள் சாட்சிகள் முன் வாசிக்கப்படும். பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் தம் கார்ச் சாவியை ஒரு மாத காலத்துக்கு அங்கேயே ஒப்படைக்க வேண்டும்.' உங்க வாசகம்தானே சார்?"

எழுதிய பிறகு பேராசிரியர் அதைப் படித்ததில்லை.

"வாசகம் கிடக்கட்டும்மா. அதோட உணர்வைத்தான் நாம..."

"ஒரு எழுத்து மாறாமன்னு இப்பத்தான் ஆறு பேரும் கை தூக்கினீங்க. தீர்மானத்துல ஏத்திட்டேன்."

நின்றுகொண்டிருந்த டாக்டர் உட்காரப் பார்த்தார்.

"சாட்சி உட்காரக் கூடாது டாக்டர். நீங்க சாவியைப் பையில வைங்கண்ணே," என்று வெல்டரிடம் சொல்லிவிட்டு, செயலாளர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "நீங்கள்லாம் வெளியில எடுத்து வெச்சுக்கங்க."

பட்டியலில் இருந்தது ஒரே ஒரு பெயர். செயலாளர் எழுந்து நின்று, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தெருவுக்கே கேட்கும்படி அதை வாசித்தார்.

"எட்டாம் நம்பர் வீடு. வெல்டர்."