கட்டைவிரல் வெளியிட்ட பாட்டு

காளியாயி அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் பாட்டை வெளியிட நினைத்திருந்தேன். குப்பனூர் வளைவில் பஸ் குலுங்க, கட்டைவிரல் முந்திக்கொண்டு போனில் பொத்தானை அழுத்திவிட்டது. பழியை வளைவின்மேல் போட்டுவிட்டு, வாழவந்தி காப்பிக் களத்தில் இப்போது அவர் காதில் ஹெட்செட்டை மாட்டுகிறேன். பழம் பறிக்கையில் அவர் சொல்லில்லாமல் இழுத்த ராகத்தைத் திருட்டுத்தனமாகப் பதிந்து, துண்டாக்கி, டிரம்ஸ் மேல் சுழலவிட்ட ஹிப் ஹாப் அது. காயும் பழங்களைத் துழாவும் அவர் கை நிற்கிறது. சில்வர் ஓக் மரங்களுக்கிடையே பனிமூட்டமாய் மஞ்சு இறங்குகிறது. காதில் ஒலிக்கும் தன் குரலுக்கே அவர் மெல்ல இன்னொரு ராகம் இழுக்கிறார். இதைப் பதியவேண்டும் என்றுகூடத் தோன்றாமல், இந்தத் திருடன் வாயைப் பிளந்து நிற்கிறேன்.

"கேக்காம நெட்டுல போட்டுட்டேனுங்க. எடுத்துடட்டுங்களா அக்கா?"

"முன்னாலயே கேட்டிருந்தா வேண்டாம்னிருப்பேனுங்க," ஹெட்செட்டைக் கழற்றாமலே, களமே திரும்பிப் பார்க்க உரக்கச் சொல்கிறார். "இப்ப எடுத்தீங்கன்னா எங்க ஊட்டுப்பக்கமே வராதீங்க."