பதினொரு போத்தல்

பிரஷர் பட்டியைக் கையில் சுற்றுவதற்காகக் கருப்பம்மா சேலையை ஒதுக்கினாள். முந்தானை முடிச்சு அவிழ்ந்து மூன்று வெள்ளை மாத்திரைகள் மேசையில் உருண்டன.

பர்ஸானா பட்டியை விட்டுவிட்டு மாத்திரைகளையே பார்த்தாள். ஆய்வுக்குக் கொடுத்த மாத்திரைகள்தான். போத்தலுக்குள் இருக்க வேண்டியவை, இல்லாவிட்டால் வயிற்றுக்குள் இருக்க வேண்டியவை.

"இது என்ன கருப்பம்மாக்கா?"

"என்னோடது இல்ல மிஸ்."

"அப்ப யாருட?"

கருப்பம்மா அவிழ்ந்த முந்தானையைச் சரிசெய்தாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரஷர் ஆய்வில் சேர்ந்த பதினொரு பெண்களைப் பார்க்க, பதுளையிலிருந்து ஹாலிஎலக்கு மேலே இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு மாதம் ஒரு தடவை வருவது பர்ஸானாவின் வேலை. போத்தலுக்கு முப்பத்தைந்து மாத்திரை. நாளுக்கொன்று போட்டது போக, மிஞ்சிய ஐந்தைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

சில போத்தல்களில் மருந்தின் வீரியம் கூட, சிலவற்றில் குறைவு. எந்த வீரியம் யாருக்கு நல்லது என்று பார்ப்பதற்குத்தான் ஆய்வே. பார்வைக்கு எல்லாம் ஒரே வெள்ளை மாத்திரை, போத்தலில் ஒட்டியிருக்கும் இலக்கம் மட்டும்தான் வேறு. எது யாருக்கு என்று பர்ஸானாவுக்கே தெரியாது.

மற்றத் தோட்டங்களில் ஒருத்திக்கு எட்டு மிஞ்சும், இன்னொருத்திக்குப் பதினான்கு மிஞ்சும். இங்கே ஆறு மாதமாகப் பதினொரு போத்தலிலும் சரியாக ஐந்து. ஆய்வை நடத்தும் டொக்டர் முன்ஸிப் இந்தத் தோட்டத்தைத்தான் எல்லோருக்கும் உதாரணம் காட்டுவார்.

ஆனால் கருப்பம்மாவின் பிரஷர் மட்டும் இறங்கவில்லை.

"கணக்குச் சரி, பிரஷர் சரியில்லையே. அந்த மனுஷி மாத்திரையக் குடிக்காம எங்கயோ வீசுறா," என்று டொக்டர் போன கிழமை சொன்னார். "இந்த முறையும் கூட இருந்தா பேரை வெட்டிடுங்க."

"அவங்க அப்படிப்பட்ட ஆள் இல்ல சேர்," என்று பர்ஸானா வாதாடிவிட்டு வந்திருந்தாள். போன வருஷம் வாய் ஒரு பக்கம் கோணி, மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தவள் கருப்பம்மா. பேரை வெட்டினால் மாத்திரை நிற்கும். பிறகு ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி, டவுன் கிளினிக்கில் வரிசையில் நிற்க வேண்டும். அவள் போகமாட்டாள். அடுத்த முறை வாய் கோணுவதோடு நிற்காது.

பர்ஸானா பட்டியை இறுக்கிக் காற்றை ஏற்றினாள். நூற்றி எண்பத்தி நாலு.

"உங்களுக்காக நான் டொக்டரோட சண்டை பிடிச்சேன் அக்கா."

"நான் ஒரு நாளும் தப்பவிடல மிஸ். என் புள்ள மேல சத்தியமா, காலையில போட்டுட்டுத்தான் மலைக்கு ஏறுறேன்."

"அப்ப இந்த மூணும்?"

கருப்பம்மா மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

வெளியே கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒருத்தியின் சாக்கு இளைத்துக் கிடந்தது. நிறை குறைந்தால் அவளுக்கு அரைப்பேர்தான், அரைநாள் சம்பளம்தான் விழும். கங்காணி அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, முன்னால் நின்றவளும் பின்னால் நின்றவளும் ஆளுக்கு இரண்டு பிடி அள்ளி அவள் சாக்கில் போட்டார்கள். மாதாமாதம் பார்க்கிற காட்சிதான்.

பர்ஸானா ஆய்விலிருந்து நீக்கும் படிவத்தை எடுத்தாள். 'காரணம்' என்ற இடத்தில் பேனாவை வைத்தாள்.

"பேரை வெட்டாதீங்க மிஸ்," என்றாள் கருப்பம்மா.

"நீங்க உண்மையச் சொன்னா நான் ஏன் வெட்டப் போறேன்?"

"சொன்னா வேற மூணு பேரு பேரை வெட்டுவீங்க."

பர்ஸானாவுக்கு அது விளங்கவில்லை. கேட்பதற்குள் அடுத்துப் பிரஷர் பார்க்க வேண்டிய நிஷாந்தினி, கொழுந்தை நிறுத்துவிட்டு வந்த ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தபடி உள்ளே வந்தாள். ஆய்வில் சேர்ந்தவர்களில் வயதில் இளையவள் அவள்தான். மேசையில் கிடந்த மாத்திரைகளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"அடி ஆத்தே, இங்கயா வச்சிருக்க அத்த? மலை பூரா உன்னத் தேடுறேன்."

சொல்லிக்கொண்டே ஒன்றை எடுத்து வாயில் போட்டு, பர்ஸானாவின் தண்ணீர்ப் போத்தலையே திறந்து மடக்கென்று குடித்தாள்.

பர்ஸானா எழுந்துவிட்டாள். "என்ன செய்றீங்க நீங்க? உங்கட போத்தல் எங்க?"

"காலையில பெரட்டுக்கு நான் லேட்டு மிஸ். நானும் இன்னும் ரெண்டு பேரும். பெரட்டுல பேரு கூப்பிடுறப்ப அத்ததான் கையில கையில குடுக்கும். வராதவங்களுக்கு முடிஞ்சு வச்சிருக்கும். அதுக்கு ஏன் மிஸ் அத்தய வையிறீங்க? அது இல்லாட்டி நாங்க பாதிப் பேரு மறந்திருவோம்."

கருப்பம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

பர்ஸானாவின் கை தானாகவே படிவத்தைக் கசக்கியது. அப்பாடா என்றிருந்தது. இந்த மனுஷி ஒன்றையும் வீசவில்லை. பத்துப் பேரை மறக்கவிடாமல் பார்த்திருக்கிறாள்.

"சரி, விடுங்க," என்றாள், மூச்சை விட்டு. "ஆனா நிஷாந்தினி, இனிமே கவனமா இருக்கணும். அவங்க கையில இருந்து வாங்கினாலும், உங்கட இலக்கம் போட்ட போத்தல்ல இருந்து எடுத்த மாத்திரையத்தான் குடிக்கணும். வெளங்குதா?"

நிஷாந்தினி கருப்பம்மாவைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"அது எப்படி மிஸ் தெரியும்? போத்தலுக்கு அஞ்சஞ்சா எண்ணிப் போடுறது நீங்க வர்ற அன்னைக்குத்தான். நீங்க குடுத்துட்டுப் போன அன்னைக்கே பதினொண்ணையும் ஒரே டின்னுலதான கொட்டுறோம்."