மொண்டு கொட்டிய தண்ணீர்

"என்ன மேடம், மறுபடியும் கொட்டிட்டீங்க?"

பாலத்தடியில் நின்ற சாயப்பட்டறைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு பாட்டில் தண்ணீர் எடுக்க இவ்வளவு நேரமா?

கீழ்மாவட்டத்து லேப் மேடம் பாட்டிலை ஆற்றில் முக்கினாள், குலுக்கினாள், கொட்டினாள். இது ஏழாவது தடவை.

ஒப்பந்தம் இதுதான். ஆறு கெடாமல் இருக்க மேல்மாவட்டம் பட்டறைகளை மூடிவிட வேண்டும். எல்லைப் பாலத்தில் எடுக்கும் தண்ணீர் சுத்தமாக இருந்தால், அதைக் குடிக்கிற கீழ்மாவட்டம் வருஷா வருஷம் நஷ்டஈடு தர வேண்டும். சோப்போ சாயமோ துளி தெரிந்தாலும் அந்த வருஷம் கையை விரித்துவிடுவார்கள்.

அவர் பட்டறையை மூடி மூன்று வருஷம். வேலை போன பன்னிரண்டு பேர் வீட்டில் அடுப்பு எரிவது அந்த நஷ்டஈட்டில்தான். அவர்கள் சார்பில் சாட்சிக் கையெழுத்துப் போட வந்திருந்தார்.

"சுத்தமா வந்தா கொட்டுறீங்க. அழுக்கு வர்ற வரைக்கும் மொள்ளப் போறீங்களா?"

"கொஞ்சம் இருங்கண்ணே."

"கடைசி பஸ் போயிடும் மேடம். அதுக்குத்தானே இழுக்கறீங்க? நான் போனதும் இஷ்டத்துக்கு எழுதிக்கலாம்னு! தண்ணி மட்டும் வேணும், காசுன்னா கசக்குது!"

ஒன்பது. பத்து.

"நீங்க ஒண்ணும் மொள்ள வேணாம், நானே மொள்றேன்!"

அவளுடைய பெட்டியிலிருந்த இன்னொரு பாட்டிலைப் பிடுங்கி ஒரே முக்காக முக்கினார். மூடியைத் திருகி, அவள் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"பாருங்க, கண்ணாடி மாதிரி..."

பாட்டில் கழுத்து வரை நுரை.

"ஐயையோ! எங்க ஆத்துல சோப்பா?"

"ஆத்துல இல்லண்ணே, பாட்டில்ல."

பையிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்துக் காட்டினாள். கீழே அவளுடைய மேலதிகாரியின் கையெழுத்து.

'பாட்டில்கள் சோப்புத்தூளில் கழுவப்பட்டவை. ஆற்றில் அலச வேண்டாம். நேராக மொண்டு வரவும்.'

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே. அலசினது தெரிஞ்சா வேலை போயிடும். எனக்கு ரெண்டு பிள்ளைங்க."

இவளைப் போய் என்னவெல்லாம் பேசிவிட்டோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. அவள் பதினோராவது தடவை கொட்டினாள். மேலே ரோட்டில் ஹாரன் சத்தம்.

"பஸ் வந்துடுச்சுண்ணே."

"அது கிடக்குது மேடம்" என்றார். "நீங்க இன்னும் ரெண்டு தடவை அலசுங்க."