நிவேயின் பத்தியம்

அமேசான் காட்டு உக்காயாலி ஆற்றில் படகைக் கட்டிவிட்டு வந்த ரோனோ, நண்பன் நிவேயின் தட்டை எட்டிப் பார்த்தான். உப்பில்லாமல் அவித்த வாழைக்காய்.

"இதையா திங்கிற? எங்க வீட்டுக்கு வாடா, மிளகா போட்டு மீன் சுட்டிருக்கு."

"ஆசை காட்டாதடா. கஷாயம் நடக்குது. இன்னும் பன்னெண்டு நாளைக்கு உப்பு, மிளகா, கொழுப்பு எதுவும் கூடாது."

உள்ளேயிருந்து நிவேயின் மாமியார் பிரி குரல் கொடுத்தார். "அவனுக்கு உப்பு எதுக்கு? பேச்சே கரிக்குதே!"

"பத்து வருஷமா உங்க சமையலைத் தின்னா கரிக்காம என்ன செய்யும், அத்தை?" என்றான் நிவே.

ரோனோ கவலையோடு அருகில் உட்கார்ந்தான். "உடம்புக்கு என்னடா?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்." நிவே குரலைத் தாழ்த்தினான். "கஷாயம் குடிக்கிறது அத்தை. முட்டி வீங்கி மூணு மாசமாப் படுக்கை. அவங்க உடம்பு பத்தியம் தாங்காது, அவங்களுக்குப் பதிலா வீட்டுல வேற யாராவது பத்தியம் இருந்தாப் போதும்னாரு வைத்தியர். கஷாயச் செடிக்காக நாம எதையாவது விட்டுக்கொடுத்தாத்தான் அது நமக்கு இறங்கி வந்து குணமாக்குமாம். நான் இருக்கேன்னுட்டேன்."

அப்போது தூணைப் பிடித்தபடி பிரி மெல்ல நடந்து வந்தார். நிவே சட்டென்று எழுந்து நின்றான்.

"உப்புதானே கூடாது? பட்டினி கிடக்கணும்னு எந்த வைத்தியன் சொன்னான்?" என்றபடி, உப்புப் போடாமல் இலையில் சுட்ட மீனை அவன் தட்டில் வைத்தார்.